சனி ஞாயிறில் மட்டும் நின்ற கணினி

நான் முன்பு வேலை செய்த கணினித் திருத்தக் கடையில் இப்போது வேலை செய்யும் இரண்டு பெண்பிள்ளைகள் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். வீட்டுக் கணினியில் ஏதும் பிழை வந்தால் இப்போது பெரும்பாலும் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு வருவதில்லையாம். கடையில் இருந்தபடியே இணையம் வழியாக அந்த வீட்டுத் திரைக்குள் போய்ப் பார்த்துவிடுகிறார்களாம்.

"அன்ரி, நீங்கள் ஸ்கூட்டியில வீடு வீடாத் திரிஞ்சனீங்கள் எண்டு சேர் சொன்னவர். அப்பிடிப் போய் என்னத்தைப் பாத்தனீங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

அன்று அதற்கு ஒழுங்காக மறுமொழி சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன். அவர்கள் போன பிறகுதான் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. போர் முடிந்து மீளக்குடியமர்ந்து தர்மபுரத்தில் தகரக் கொட்டிலில் இருந்த காலம். கிளிநொச்சியில் ஆறு மாதக் கணினித் திருத்தப் பயிற்சி ஒன்று தொடங்கியது. வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் என் மகன் வயதுப் பிள்ளைகள். பெண் நான் ஒருத்திதான். அதற்கு முன் பத்து வருடம் தையல் மெசின் திருத்தி இருந்தேன். ஆணி கழற்றப் பயமில்லை. அந்த ஒரு தகுதியோடு பயிற்சி முடிந்து, நிமலன் என்பவருடைய கடையில் சேர்ந்தேன்.

நிமலன் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் என்னை அக்கா என்பார். நான் அவரைச் சேர் என்பேன். "அப்பிடிக் கூப்பிடாதேங்கோ அக்கா, கூச்சமாயிருக்கு" என்று முதல் கிழமை சொன்னார். ஆட்களுக்கு முன்னால் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பதினான்கு வருடமும் அப்படியே போனது.

அவருக்குக் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கணினி ஒன்று வந்தால் உடனே திறக்க மாட்டார். கைகளைத் துவாயில் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்தவரைக் கதிரையில் இருத்துவார். "கடைசியா எப்ப நல்லா வேலை செய்தது?" என்று கேட்பார். பிறகு, "அதுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்பார். "என்ன செய்தனீங்கள்?" என்று மட்டும் கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் மனிதர்கள் தங்களில் பிழை பிடிக்கிறார்கள் என்று நினைத்து ஒளிப்பார்கள் என்பது அவருடைய எண்ணம்.

ஒவ்வொரு கணினியிலும் ஒரு மட்டை கட்டித் தொங்கவிடுவோம். அதில் மூன்று வரி. சொன்னது, கண்டது, செய்தது. கண்டது என்ற வரியில் ஊகத்தை எழுதக் கூடாது. கண்ணால் காணாவிட்டால் 'காணவில்லை' என்று எழுத வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது அந்த மூன்று வரியையும் சொந்தக்காரருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எங்களால் ஒரு பிழை வந்திருந்தால் அதையும் கண்டது என்ற வரியிலேயே எழுத வேண்டும்.

வீடுகளுக்கும் இடங்களுக்கும் நேரே போய்ப் பார்க்கப் பழக்கியவரும் அவர்தான். முள்ளியவளையில் ஒரு கோயில் அலுவலகத்துக் கணினி, போட்டு ஐந்து நிமிடத்தில் நின்றுபோகும். கடைக்குக் கொண்டுவந்து துடைத்துக் கொடுப்போம், ஒரு மாதம் ஓடும், திரும்ப வரும். நேரே போய்ப் பார்த்தேன். கணினிக்கு ஒரு முழத் தூரத்தில் தினமும் சாம்பிராணி போடுகிறார்கள். அந்தப் புகை பிசினாக ஒட்டி, உள்ளே இருக்கும் காற்றாடி சுற்ற முடியாமல் சூடேறி நிற்கிறது. மேசையை மற்றச் சுவருக்கு மாற்றினோம். அவ்வளவுதான் திருத்தம். ஐயர் எனக்கு ஒரு பெரிய வாழைக்குலை தந்துவிட்டார். அதை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு வரப் பட்ட பாடு வேறு கதை.

நான் சொல்ல வந்தது அக்கராயன் என்ற ஊரிலிருந்த அம்பலவாணர் ஐயா வீட்டுக் கணினியைப் பற்றி.

அவர் நீர்ப்பாசனப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்ற குடும்பம். நெல் செய்கிறார். ஊரில் யாருக்கு என்ன கடிதம் எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவார்கள். விடியக் காலையில் கணினியைப் போட்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, வாய்க்கால் திருத்தக் கேட்டு, பாம்பு கடித்தவருக்கு உதவி கேட்டு, பிள்ளைக்குப் பாடசாலை மாற்றம் கேட்டு எழுதிக் கொடுப்பார். வருகிறவர்கள் மரக்கறி கொண்டுவந்தால்கூட வாங்க மாட்டார்.

முதல் தடவை அவர் வந்தது, மின்சாரம் போய்வந்ததில் விண்டோஸ் பழுதாகிப்போனதற்கு. நான்தான் அதைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். பிறகு ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கணினிப் பெட்டியை உடுக்கிற சாரம் ஒன்றில் சுற்றிக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினார்.

"போட்டால் கறுப்பாய் நிக்குது. எழும்புதில்லை."

கடையில் போட்டோம். உடனே எழும்பியது. பத்துத் தரம் போட்டோம், பத்துத் தரமும் எழும்பியது. நினைவகத் துண்டைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் போட்டுக் கொடுத்தேன். மட்டையில், 'கண்டது: காணவில்லை.'

பிறகும் வந்தார். இந்த முறை மின்வழங்கியை மாற்றினோம். பிறகும் வந்தார். வன்தட்டை ஒரு நாள் முழுவதும் சோதித்தோம். ஒன்றும் காணவில்லை. மூன்று மட்டையிலும் காணவில்லை என்று எழுதி வாசித்துக் காட்ட எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. தன் கைப்பையிலிருந்து ஒரு நாட்குறிப்பை எடுத்தார். "நிண்ட நாள் எல்லாம் குறிச்சு வைச்சிருக்கிறன். உதவுமோ தெரியாது."

நானும் நிமலனும் குனிந்து பார்த்தோம். எல்லாம் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும். அதுவும் ஒன்றுவிட்ட கிழமைகளில், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்.

"அக்கா, மெசினுக்குச் சனி ஞாயிறு தெரியாது" என்றார் நிமலன் மெதுவாக. "இனி இவர் இதைச் சுமந்துகொண்டு வர வேண்டாம். வயர் எல்லாம் கொழுவினபடி, அது இருக்கிற இடத்தில வைச்சுப் பாக்க வேணும். அடுத்த முறை நிக்கப் போறது எந்தச் சனி எண்டு எண்ணிப் பாத்து, அண்டைக்குப் போங்கோ."

எண்ணிப் பார்த்த சனிக்கிழமை காலை போனேன். வாசலிலேயே நின்றார். "நீங்கள் சொன்ன மாதிரி இண்டைக்கு நிண்டிட்டுது" என்றார். பிழை வந்ததில் இருவருக்கும் ஒரு சந்தோசம்.

உள்ளே கூட்டிப் போய்க் கதிரை தந்தார். வழக்கமாக எல்லோரும் கேட்பதைக் கேட்டார்.

"பிள்ளை எந்த ஊர்?"

"தர்மபுரம், ஐயா."

"அதுக்கு முதல்?"

"அப்பா அம்மா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலயிருந்து வந்தவை. நான் பிறந்தது இஞ்சதான்."

"ம்" என்றார். அவருடைய மனைவி யோகம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தா. சற்று நேரத்தில் ஒரு சோடாப் போத்தலைத் திறந்து கொண்டுவந்து வைத்தா. வெயிலுக்குத் தருகிற சோடா சில வீடுகளில் வெறும் சோடாதான். சில வீடுகளில் அது வீட்டுக் கோப்பையைத் தராமல் விடுவதற்கு ஒரு வழி. எது என்று யோசிக்கிற பழக்கத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன். தாகமாக இருந்தது, குடித்தேன்.

கணினியைப் போட்டேன். கறுப்புத் திரை. மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுங்கி மினுங்கி நின்றது.

அந்தக் கோட்டைக் கண்டவுடன் எனக்கு விளங்கிவிட்டது. அது பழுதான கணினியின் அடையாளம் இல்லை. தன் வன்தட்டை விட்டுவிட்டு வேறெதிலோ தன்னைத் தேடிக்கொண்டிருக்கும் கணினியின் அடையாளம். விண்டோஸ் போடும்போது பென் டிரைவிலிருந்து தொடங்கும்படி ஒழுங்கை மாற்றுவோம். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப மாற்றி, வன்தட்டை முதலில் வைக்க வேண்டும். அன்று முதல் தடவை அதை நான் மாற்ற மறந்திருக்கிறேன். மூன்று முறை வந்தபோதும் கணினி ஒழுங்காக எழும்பியதால் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

ஆனால் அப்படி நிற்பதற்குப் பின்னால் ஏதாவது செருகியிருக்க வேண்டுமே.

மேசைக்குக் கீழே குனிந்து, சுவர்ப் பக்கமாகக் கையை விட்டுத் தடவினேன். விரலில் ஒரு பென் டிரைவ் தட்டுப்பட்டது. அதைக் கழற்றாமல் பிடித்தபடி தலையை மட்டும் நிமிர்த்தினேன். குசினி வாசலில் யோகம்மா அகப்பையோடு நின்றா. என்னையே பார்த்தா. தலையை மிக மெல்ல, ஒரே ஒரு தரம், வேண்டாம் என்று ஆட்டினா.

கையை எடுத்துவிட்டேன்.

"என்ன, கண்டு பிடிச்சாச்சோ?" என்று என் பின்னால் நின்ற அம்பலவாணர் ஐயா கேட்டார்.

"கிட்ட வந்திட்டன் ஐயா. கொஞ்ச நேரம் தாங்கோ."

அந்த நேரம் படலையடியில் யாரோ கூப்பிட்டார்கள். அவருடைய வயலுக்குத் தண்ணீர் விடுகிற முறை வந்துவிட்டதாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "அரை மணித்தியாலத்தில வாறன்" என்று போனார்.

யோகம்மா அவர் போன திசையையே பார்த்து நின்றா. அவர் தலை மறைந்த பிறகு எனக்கு முன்னால் வந்து நிலத்தில் இருந்தா.

மகள் சாந்தினி செட்டிகுளத்தில் இருக்கிறாளாம். தான் படிப்பித்த பாடசாலையிலேயே கணிதம் படிப்பித்த செல்வராஜ் என்பவரைக் கலியாணம் செய்தவள். "அவரும் உங்கட ஆக்கள்தான் பிள்ளை. மலைநாட்டு ஆக்கள்" என்று சொல்லும்போது கீழே பார்த்தா. ஐயா அன்றிலிருந்து மகளின் பெயரைச் சொல்லவில்லை. இந்தக் கணினியே மகள் தன் முதல் வேலையில் வாங்கிக் கொடுத்ததுதான். பக்கத்து வீட்டில் ஒரு ஆசிரியை, வவுனியாவில் படிப்பிக்கிறா, ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமை ஊருக்கு வருவா. அவவிடம் சாந்தினி பேத்தியின் வீடியோக்களைப் பென்னில் போட்டுக் கொடுத்துவிடுவாள். வெள்ளி பின்னேரம் ஐயா கோயிலுக்குப் போனதும் யோகம்மா கணினியைப் போட்டு, அது எழும்பிய பிறகு பென்னைச் செருகிப் பார்ப்பா. ஞாயிறு ஆசிரியை திரும்பும்போது பென்னைக் கொடுத்துவிடுவா.

"அலுமாரிக்குள்ள வைச்சால் அவர் கண்டிடுவார். மெசினுக்குப் பின்னால ஒருநாளும் பாக்க மாட்டார். அதுதான் அதிலயே விட்டிடுவன். கடைக்குக் கொண்டு வரேக்க வயர் கழட்டுறது நான்தானே. அப்ப இதையும் கழட்டி எடுத்திடுவன்." பிறகு, "அது நிண்டால் நானும் பிறகு பாக்கேலாது பிள்ளை. ஒருக்காத்தான் பாப்பன்" என்றா.

அவரை அலைக்கழித்தது தன்னுடைய பென்தான் என்று அவவுக்குத் தெரியாது. நான் விளங்கப்படுத்தியபோது வாயைப் பொத்திக்கொண்டா. மூன்று முறை அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவர் பேருந்து ஏறியதை நினைத்திருக்க வேண்டும்.

"நீங்கள் செய்தது ஒண்டும் பிழையில்லை, அம்மா. எத்தனை பென் செருகினாலும் அது எழும்ப வேணும். எழும்பாமல் போனது நான் விட்ட பிழையால" என்றேன்.

ஒழுங்கை மாற்றினேன். வன்தட்டு முதலில். பென்னைச் செருகியபடியே விட்டுக் கணினியைப் போட்டேன். எழும்பியது. நிறுத்திப் போட்டேன். திரும்பவும் எழும்பியது. இனி அந்தப் பென் அங்கேயே இருக்கலாம், யாருக்கும் தெரியாது. யோகம்மா என் கையைப் பிடித்து இரண்டு கையாலும் பொத்தினா.

பிறகு மட்டையை எடுத்தேன். கண்டது என்ற வரிக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. பென்னைப் பற்றி எழுதினால் இந்த மனுசியைக் காட்டிக்கொடுப்பேன். காணவில்லை என்று எழுதினால் பொய். கடைசியில் இப்படி எழுதினேன்: 'தொடங்கும் ஒழுங்கு பிழையாக இருந்தது. முதல் தடவை திருத்தியபோது அதை அப்படி விட்டது நான்.'

அவர் சேற்றுக் காலைக் கழுவிவிட்டு வந்தார். வாசித்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். மட்டையை வாங்கித் தானும் ஒரு முறை வாசித்தார். பிழையை எழுதித் தந்ததற்கு என்னை மரியாதையோடு பார்த்தார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் நாட்குறிப்பு எழுதுகிற மனிதர் அல்லவா.

"சரி. பிழை அண்டு தொடக்கம் இருந்ததெண்டால் மெசின் எல்லா நாளும் நிண்டிருக்க வேணும். ஏன் ஒண்டுவிட்ட கிழமையில மட்டும்?"

பேனையை மூடி வைத்தேன்.

"ஐயா, என்ர பிழையை எழுதித் தந்திட்டன். மிச்சத்தை நான் சொல்லுறது முறையில்லை."

"அப்ப ஆர் சொல்லுறது முறை?"

"நான்" என்றா யோகம்மா.

குசினி வாசலிலிருந்து வந்தா. மேசைக்குக் கீழே குனிந்து, தானே பென்னைக் கழற்றி எடுத்து, அவருடைய நாட்குறிப்புக்கு மேல் வைத்தா.

"சாந்தினி அனுப்புறது. இதுக்குள்ள பேத்தி இருக்கிறாள். நீங்கள் கோயிலுக்குப் போனாப் பிறகு பாக்கிறனான். இந்தப் பிள்ளையில பிழை சொல்லாதேங்கோ. எனக்காகத்தான் பேசாமல் நிண்டது."

"எவ்வளவு காலமா?"

"அவளுக்கு இப்ப மூண்டு வயது."

அவர் மட்டையை மடித்து நாட்குறிப்புக்குள் வைத்தார். செருப்புப் போடாமல் முற்றத்தில் இறங்கி வயல் பக்கமாக நடந்தார். தண்ணீர் கட்டும் முறை முடிந்துவிட்டது; அங்கே அவருக்கு வேலை இருக்கவில்லை.

ஸ்கூட்டியில் திரும்பி வரும்போது வழி நீளம் அழுகை வந்தது. ஒரு கணினியைத் திருத்தப் போய் ஒரு வீட்டைக் குழப்பிவிட்டு வருகிறேன் என்று நினைத்தேன். நிமலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் பிழை உட்பட. அவர் கையைத் துவாயில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கண்டதை எழுதினீங்களோ?"

"எழுதினன்."

"அவவைப் பற்றி?"

"எழுதேல்லை."

"நானெண்டாலும் அப்பிடித்தான் எழுதியிருப்பன் அக்கா" என்றார். அன்றிலிருந்து கணினி திரும்பிப் போகுமுன் தொடங்கும் ஒழுங்கை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்து வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். யாரால் அந்த வழக்கம் வந்தது என்று கடையில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

மூன்று கிழமை போனது. ஒரு புதன்கிழமை முற்பகல் அம்பலவாணர் ஐயா கடைக்குள் வந்தார். கையில் பெட்டி இல்லை. சேட்டுப் பையிலிருந்து வியர்வை துடைக்கிற கைலேஞ்சியை எடுத்துப் பிரித்தார். அதற்குள் அந்தப் பென்.

"இதைத் திறக்க எனக்குத் தெரியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யோகத்திட்டக் கேக்க வெக்கமாயிருக்கு."

மூலையில் இருந்த கணினியில் செருகித் திறந்து கொடுத்துவிட்டு விலகப் பார்த்தேன். "நில்லுங்கோ பிள்ளை. நிண்டு போனால் எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாது" என்றார். நின்றேன்.

திரையில் ஒரு சின்னப் பெண். தகப்பனின் மடியில் இருக்கிறாள். அவருடைய முகம் தெரியவில்லை, கைதான் தெரிகிறது. அந்தக் கையில் அம்பலவாணர் ஐயாவின் பழைய படம் ஒன்று.

"இது யாரு?"

"அம்மப்பா."

"சரியா சொல்லிட்டியே பாப்பா."

"அம்மப்பா ஏன் சிரிக்கேல்லை?"

"படம் புடிக்கிறப்ப வெயிலு கண்ணுல அடிச்சிருக்கும்மா. அம்மப்பா நல்லா சிரிப்பாரு."

அவ்வளவுதான் வீடியோ. ஒரு நிமிடம்கூட இல்லை. நிமலன் எழும்பிப் போய், சத்தம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். அம்பலவாணர் ஐயா, "திருப்பிப் போடுங்கோ" என்றார். திருப்பிப் போட்டேன். மூன்றாம் தரமும் போட்டேன்.

"அந்தப் பொடியன் என்னை ஒருக்காலும் கண்டதில்லை" என்றார். "நான் வீட்டுக்குள்ள விடேல்லை. நான் சிரிப்பன் எண்டு அவருக்கு ஆர் சொன்னது?"

வீடியோவை மூடினேன்.

பிறகு, ஒரு கடிதம் அடித்து இதற்குள் போட்டு அனுப்பலாமா என்று கேட்டார். தாராளமாக என்று வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்தேன். ஒற்றை விரலை நீட்டினார். விரல் அந்தரத்தில் நின்றது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கட ஆக்களுக்கு எழுதேக்க என்னெண்டு தொடங்கிறது?"

"நீங்கள் எழுதுற மாதிரித்தான் ஐயா. அன்புள்ள எண்டுதான்."

அவர் முகம் சுருங்கியது. தலையைக் குனிந்தார். "ஓம். பிழையாக் கேட்டிட்டன் பிள்ளை. குறை நினையாதேங்கோ."

பிறகு தட்டத் தொடங்கினார். எனக்கு வேறு வேலை இருந்தது, போய்விட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தபோது பக்கத்தில் நான்கே வரி இருந்தது. நான் வாசிக்கவில்லை. பென்னுக்குள் போட்டுக் கழற்றிக் கொடுத்தேன். கைலேஞ்சியில் சுற்றிச் சேட்டுப் பைக்குள் வைத்து, பையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டு பேருந்துக்குப் போனார்.

அந்தப் போகம் அறுவடை முடிந்து கொஞ்ச நாளில் கடைத் தொலைபேசி அடித்தது. யோகம்மா. மகளும் மருமகனும் பிள்ளையும் வந்து நாலு நாளாக நிற்கிறார்கள் என்று சொன்னா. மருமகன் ஐயாவோடு வயலுக்குப் போய் வைக்கோல் ஏற்றிவிட்டு வந்தாராம். சொல்லிக்கொண்டே வந்தவ, "பிள்ளை, கொம்பியூட்டர் திரும்பவும் நிக்கத் தொடங்கியிட்டுது" என்றா.

"எப்ப தொடக்கம், அம்மா?"

"பேத்தி வந்த நாள் தொடக்கம். விடியவெள்ளன அவர் அதைப் போட்டவுடன அவற்ற மடியில ஏறி இருந்துகொண்டு, கண்ட கண்ட எழுத்துக் கட்டையெல்லாம் அமத்துறாள். அது எழும்பாமல் அப்பிடியே நிண்டிடுது. அவர் பாத்துச் சிரிச்சுக்கொண்டு இருக்கிறார்."

"நாளைக்கு வந்து பாக்கட்டே?"

தொலைபேசிக்குள் யோகம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

"வர வேண்டாம் பிள்ளை. அது நிக்கட்டும்."